மெத்தை வான் நின்ற சனிக்கிழமை

1

குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் எங்கள் வீட்டில் அதை முதலில் வாசிப்பவள் மகள் துளசிதான். அவள் கடிதத்தை வாசிக்க, நானும் இவரும் அவளுடைய முகத்தை வாசிப்போம். புருவம் சுருங்கினால் ஒரு கதை, உதட்டைக் கடித்தால் இன்னொரு கதை. இந்தமுறை அவள் இரண்டையும் செய்யவில்லை. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வகுப்பில் சண்டை பிடித்த இரண்டு பிள்ளைகளை அதிபர் பார்ப்பதுபோல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு எப்ப மாறினனாங்கள்?”

“அது எப்பவோ. நீ சின்னப் பிள்ளை” என்றார் இவர்.

“எப்பவோ எண்டு எழுதேலாது அப்பா. அம்மா நவம்பர் எண்டு சொல்லியிருக்கிறா. நீங்கள் ஒக்ரோபர் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். இடையிலை கிட்டத்தட்ட மூண்டு கிழமை. அந்த மூண்டு கிழமையும் நாங்கள் எங்கை இருந்தனாங்கள் எண்டு கேக்கினம். வித் எவிடன்ஸ்.”

இருபத்தெட்டு நாள் தவணை தந்திருந்தார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “அவுஸ்திரேலியாவிலை இருக்கிறியள், உங்களுக்கென்ன” என்று தொலைபேசியில் சொல்கிறீர்கள். நாங்கள் படகில் வந்தவர்கள். பதின்மூன்று வருடமாக இங்கே இருக்கிறோம். அத்தனை வருடமும் தற்காலிக வீசா. நிரந்தர வீசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறோம். துளசி நான்கு வயதில் என் மடியில் இருந்து வந்தவள். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்குத் தாதியாகப் படிக்க விருப்பம். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுக்கும்போது நிரந்தர வீசா இல்லாவிட்டால், நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர்களைப் போல அவளும் வெளிநாட்டு மாணவி. அந்தக் கட்டணத்துக்கு இவருடைய கோழித் தொழிற்சாலைச் சம்பளமும் என்னுடைய துப்புரவுச் சம்பளமும் சேர்ந்தாலும் எட்டாது. ஆகவே அந்த மூன்று கிழமைதான் என் பிள்ளையின் படிப்பு. நாங்கள் எங்கே படுத்து எழும்பினோம் என்பதற்குச் சாட்சி வேண்டும்.

2

பிழை என்னுடையது. பொய் சொல்லவில்லை, ஆனால் பிழை.

அந்த வீட்டுக்கு மாறி ஒரு வருடத்தின் பின் எங்களுடைய வாக்குமூலத்தை எழுதினார்கள். ஒரு தொண்டர் அலுவலகம், ஒரு இளம் பெண் சட்டத்தரணி, மேசையில் ஒலிபெருக்கியில் போட்ட தொலைபேசி. தொலைபேசிக்குள் மொழிபெயர்ப்பாளர். இப்போது இருக்கும் வீட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்டார்கள்.

“போன வருசம் கந்தசஷ்டி ரெண்டாம் நாள்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர். நல்ல மனிதர். “சஷ்டி எப்ப வருதுங்கம்மா?” என்றார்.

“தீபாவளி முடிஞ்ச கையோடை.”

“இருங்க, கேலண்டர் பாத்துடறேன்… நவம்பர்ல வருது.”

அவர் பார்த்தது அந்த வருடத்துக் கலண்டர். நான் சொன்னது அதற்கு முந்திய வருடத்துச் சஷ்டி. கந்தசஷ்டி என்ன கிறிஸ்மஸா, வருடாவருடம் ஒரே திகதியில் வந்து நிற்க? அமாவாசையைப் பார்த்து முன்னுக்கும் போகும், பின்னுக்கும் வரும். நாங்கள் வீடு மாறிய வருடம் அது ஒக்ரோபரில் வந்தது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் இருவருக்கும் உதிக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் திருப்பி வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பந்தி முடியவும் “சரியா அம்மா?” என்று கேட்டார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் போட்டேன். நவம்பர் என்று வாசித்தபோது காதில் ஏதோ இடறியது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை மூன்று மணித்தியாலமாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தது. மறித்துக் கதைக்கக் கூச்சமாக இருந்தது. அதற்கும் ஓம் என்றேன். என்னைப் பொறுமைசாலி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பொறுமை இல்லை. வாய் திறக்கப் பயந்தவள் போடும் ஓம்.

நிரந்தர வீசா விண்ணப்பத்தை நிரப்பியது துளசி. நான் வேலையில் நின்றேன். தகப்பனிடம் கேட்டிருக்கிறாள். அவர் யோசிக்கவே இல்லையாம்.

“ஃபைனல் நடந்த அண்டு” என்றாராம்.

அவள் கைபேசியில் தேடி அந்த இறுதியாட்டத்தின் திகதியை எடுத்துப் போட்டுவிட்டாள். அவர் சொன்னது உதைபந்தாட்டம், நான் சொன்னது விரதம். இரண்டும் ஒரே சனிக்கிழமை. கடதாசிக்கு வந்தபோது மட்டும் இரண்டு மாதமாகிவிட்டது.

“உங்கள் ரெண்டு பேருக்கும் ஏன் ஒரு நோர்மல் டேட் தெரியாது?” என்று துளசி கேட்டாள். கோபத்தில் கேட்டாள். எனக்கும் கோபம் வந்தது. வன்னியில் யார் திகதி பார்த்தது? கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட கிழமை, பள்ளிக்கூடத்தில் செல்குண்டு விழுந்த அன்று, இப்படித்தான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்தோம். எனக்கும் இவருக்கும் கலியாணம் நடந்தது மூன்றாவது இடம்பெயர்வுக்கும் நான்காவது இடம்பெயர்வுக்கும் நடுவில். கலண்டர் தொங்கவிட முதலில் ஒரு சுவர் வேண்டும்.

இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் “ஐ நோ, அம்மா” என்பாள். அந்த ‘ஐ நோ’வுக்குப் பிறகு கதைக்க ஒன்றும் இருக்காது.

3

அந்த உதைபந்தாட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவருடைய பைத்தியம் விளங்காது.

நாங்கள் கரையேறிய அதே வருடம், மெரிலேண்ட்ஸுக்குப் பக்கத்து நகரமான பரமட்டாவை இடமாகக் கொண்டு ஒரு புதிய கழகம் தொடங்கினார்கள். சிவப்பும் கறுப்பும் அதன் நிறம். பணக்காரப் பக்கம் இல்லை, எங்களைப் போல நாடு நாடாக வந்து சேர்ந்தவர்கள் வாழும் மேற்குப் பக்கத்தின் கழகம். இரண்டு வருடம் கழித்து, ஆசியாவின் பெரிய கழகங்கள் எல்லாம் மோதும் கிண்ணத்துக்குப் போட்டியிடும் தகுதி கிடைத்தது. இவர் ஊரில் இடதுபக்க முன்வரிசையில் விளையாடியவர். அவருடைய கழகத்தின் மைதானம் பிறகு கூடாரங்கள் போடுகிற இடமாகிவிட்டது. அதோடு விளையாட்டு நின்றது. இங்கே வந்து பந்தைத் தொட்டதில்லை. ஆனால் அந்த வருடம் அந்த அணியைத் தன் தம்பிமார் விளையாடுவதுபோலத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அவர் மைதானத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. நான்தான் போனேன். ஆட்டம் நடந்த மறுநாள் காலை, தும்புத்தடியும் கறுப்புக் குப்பைப் பையுமாக. வரிசை வரிசையாகக் கதிரைகளுக்குக் கீழே பொறுக்கிக்கொண்டு போவோம். ஒரு கோல் விழுந்ததையும் நான் கண்ணால் காணவில்லை. ஆனால் முடிவை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோற்ற ஆட்டமென்றால் பாதி தின்ற ‘மீட் பை’ என்ற இறைச்சிப் பணியாரங்கள் கதிரையிலேயே இருக்கும். வென்றால் எல்லாம் நிலத்தில் மிதிபட்டுக் கிடக்கும். முதல் ஆட்டத்தில் ஒரு கொரிய அணி எங்களைத் தோற்கடித்தது. அன்று நான் அள்ளிய இறைச்சிப் பணியாரங்களில் ஒரு கலியாண வீட்டுக்குப் பந்தி வைத்திருக்கலாம். ஜப்பான் அணி வந்தபோது, அவர்களுடைய ஆட்கள் இருந்த பகுதியில் எனக்கு வேலையே இருக்கவில்லை. தங்கள் குப்பையைத் தாங்களே பொறுக்கிக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அந்தச் சுற்றுப் போட்டி முழுவதிலும் பிடித்த அணி அதுதான். இதைச் சொன்னதற்கு இவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஜப்பானில் போய்த் தோற்றார்கள், இங்கே வென்றார்கள். கூட்டிப் பார்த்தால் சமம். ஆனால் எங்களுடைய அணிதான் அடுத்த சுற்றுக்குப் போனது. சீன அணியோடும் அதே கதை. இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

“வெளியூரிலை போட்ட கோலுக்குப் பெறுமதி கூட. ரெண்டு பக்கமும் சமமா வந்தால் அதைத்தான் பாப்பினம்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “விளங்குதோ? சொந்த ஊரிலை ஆரும் அடிப்பான். வந்த இடத்திலை அடிக்கிறதுக்குத்தான் மதிப்பு.”

“அப்பிடியெண்டால் நாங்கள் வந்த இடத்திலை படுற பாட்டை ஏன் ஒருத்தரும் எண்ணுகினமில்லை?”

“உமக்கு உதைபந்தாட்டம் விளங்காது” என்று எழும்பிப் போய்விட்டார்.

4

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

இறுதியாட்டம் இரண்டு பகுதி. முதலாவது பரமட்டாவில், அடுத்தது சவுதி அரேபியாவில். பரமட்டாவில் நடந்தது ஒக்ரோபர் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம். அதே நாள்தான் வட பரமட்டாவில் நாங்கள் இருந்த வீட்டை விடவேண்டிய கடைசி நாள். ஐந்து குடும்பம் இருந்த வீடு அது. மெரிலேண்ட்ஸ் வீட்டில் இரண்டே குடும்பம். வீட்டு ஒப்பந்தம், எங்களோடு ஒரே படகில் வந்த சிவம் அண்ணையின் மச்சானுடைய பெயரில். எங்கள் பெயரில் ஒரு துண்டும் இல்லை. இது பிறகு எங்களுக்கு வினையாக வந்தது.

“ஃபைனல் நாளிலை ஆராவது வீடு மாறுவினமோ?” என்று இவர் குதித்தார்.

“கந்தசஷ்டியிலை, அதுவும் சனிக்கிழமையிலை ஆராவது வீடு குடிபூருவினமோ?” என்று நான் குதித்தேன். முதல் நாள்தான் மேய்ஸ் ஹில் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். இடது மணிக்கட்டில் மஞ்சள் பூசிய நூல். பகலில் தண்ணீர் மட்டும். ஐயரைக் கேட்டபோது, “வாடகை வீடுதானே, பரவாயில்லை. பின்னேரம் ஐந்தரைக்கு முதல் சுவாமிப் படத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துப் பாலைக் காய்ச்சுங்கோ” என்று ஒரு நேரம் குறித்துத் தந்தார்.

வீடு மாற்றவும் சிவம் அண்ணைதான் வந்தார். பழைய வெள்ளை வான் ஒன்று வைத்திருந்தார். இரண்டு மெத்தையை வானின் கூரையில் போட்டுக் கயிற்றால் கட்டினார்கள். உள்ளே சட்டி பானை, துணி மூட்டை, துளசியின் சைக்கிள். முன்னுக்கு சிவம் அண்ணை, நடுவில் துளசியை மடியில் வைத்தபடி இவர், கதவோரம் நான். என் மடியில் கண்ணாடி போட்ட முருகன் படம். காலடியில் பாலும் மஞ்சளும் உப்பும் வைத்த பை. நாலரை மணிக்கு வெளிக்கிட்டோம். கால் மணித்தியால ஓட்டம்.

மைதானத்துக்குப் போகும் தெருவில் வந்து மாட்டிக்கொண்டோம். தெரு முழுக்க சிவப்பும் கறுப்பும். மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலமாக வருகிறார்கள். முன்னாலும் போகேலாது, பின்னாலும் போகேலாது. நான் மணிக்கூட்டைப் பார்க்கிறேன். இவர் என் பக்கத்துக் கண்ணாடியை எட்டி இறக்கி, எனக்கு மேலால் தலையை வெளியே போட்டுக்கொண்டு, தெரிந்த ஒரே பாட்டை அவர்களோடு சேர்ந்து கத்துகிறார். திருவிழாவில் தொலைந்த பிள்ளை தாயைக் கண்டதுபோல.

“இஞ்சருங்கோ, நேரம் போகுது” என்றேன்.

“போகட்டும். முருகனும் பாக்கத்தானே வேணும்.”

ஐந்தாறு பெடியன்கள் மெத்தையைக் கண்டுவிட்டார்கள். என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். ஒருவன் வானின் படியில் ஏறித் தன்னுடைய கழுத்துச் சால்வையை மெத்தைக் கயிற்றில் கட்டினான். இன்னொருவன் துளசியின் கன்னத்தில் சிவப்பும் கறுப்பும் பூசினான். மூன்றாவது ஆள் என் பக்கம் வந்து, மடியில் இருந்த படத்தைப் பார்த்து, மரியாதையாகக் கும்பிட்டு, ஒரு சால்வையை முருகனுக்குப் போட்டுவிட்டான். மாலை என்று நினைத்திருப்பான். எனக்கு ஏசவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. அந்த நேரம் ஒருவன் தூரத்தில் நின்று கைபேசியை உயர்த்தினான். நான் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மெரிலேண்ட்ஸ் போய்ச் சேர ஆறரை. பாலைக் காய்ச்சினேன். நேரம் தவறிப் பொங்கிய பால். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த எந்தக் கெட்டதுக்கும் அந்தப் பாலைத்தான் நான் காரணம் சொல்லி வந்திருக்கிறேன். இவரும் சிவம் அண்ணையும் மெத்தையை இறக்கவில்லை. தொலைக்காட்சி இன்னும் பொருத்தவில்லை என்பதால், வானுக்குள் இருந்து வானொலி கேட்டார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. வானுக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு லெபனான்காரர் ஓடிவந்தார். மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த மனிதரின் பெயர்கூட எங்களுக்கு அப்போது தெரியாது. அடுத்த கிழமை சவுதியில் கோல் இல்லாமல் முடிந்தது. கிண்ணம் பரமட்டாவுக்கு வந்தது.

தொடங்கி இரண்டே வருடமான கழகம் ஆசியக் கிண்ணத்தை வென்றுவிட்டது. நாங்கள் இன்னும் வீசாவுக்கு நிற்கிறோம்.

5

சாட்சி தேடத் தொடங்கினோம். ஒன்றுமே இல்லை.

வீட்டு ஒப்பந்தம் எங்கள் பெயரில் இல்லை. சிவம் அண்ணையின் மச்சான் காலமாகிவிட்டார். என்னை வேலைக்கு வைத்திருந்த துப்புரவு நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பழைய மைதானத்தையே இடித்துவிட்டு அதே இடத்தில் புதிது கட்டியிருக்கிறார்கள். லெபனான்காரர் வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டார். ஒரு நாட்டில் பதின்மூன்று வருடம் இருந்ததற்கு, எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடி போட்ட முருகன் படம்.

இவருக்கு அது விளங்கவில்லை. “இதிலை என்ன சாட்சி? அந்த மட்ச் உலகத்துக்கே தெரியும்” என்றார்.

“மட்ச் நடந்தது தெரியும் அப்பா. நீங்கள் வீடு மாறினது உலகத்துக்குத் தெரியாது” என்றாள் துளசி.

“உனக்குத் தெரியும்தானே. நீயும் வானுக்குள்ளை இருந்தனி. கன்னத்திலை பூசினவங்கள்.”

“ஐ வோஸ் சிக்ஸ், அப்பா. எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை.”

அவர் முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருடமும் அந்தப் பின்னேரத்தை அவர் பிள்ளையோடு சேர்ந்து அனுபவித்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு உதைபந்தாட்டமே பிடிக்காது. அதைச் ‘சொக்கர்’ என்பாள். அவள் விளையாடுவது வலைப்பந்து. அதைப் பார்க்க நாங்கள் இரண்டு தடவைதான் போயிருக்கிறோம் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது.

பதினெட்டு நாள் மிச்சம் இருக்கும்போது சிவம் அண்ணைக்கு எடுத்தேன். அவர் இப்போது மெல்பேர்னில், ரோவிலில் இருக்கிறார். அவருக்குப் போன வருடமே நிரந்தர வீசா கிடைத்துவிட்டது.

“தங்கச்சி! மெத்தை வானோ? மறப்பனோ? அந்தக் கயிறு கட்டினது உன்ரை மனுசன். பாதி வழியிலை மெத்தை முன்கண்ணாடியிலை தொங்கினது.”

“அண்ணை, அதுக்கு ஏதாவது சாட்சி இருக்கோ? துண்டு, படம் ஏதாவது?”

“என்னட்டை எங்காலை? அந்தப் பெடியள்தானே நிண்டு நிண்டு படம் எடுத்தவங்கள். நீ ஏதோ நடிகை மாதிரி முகத்தை மூடினனி.”

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். துளசி காதில் விழுந்தது. அவள் எழும்பித் தன் அறைக்குப் போனாள். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான். படிக்கப் போனாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அறைக் கதவு பூட்டியே இருந்தது. தேத்தண்ணி கொண்டுபோனால் மேசையில் புத்தகம் மூடிக் கிடக்கிறது, கணினியில் சிவப்பும் கறுப்புமாகப் படங்கள் ஓடுகின்றன.

“படிக்கிற பிள்ளை செய்யிற வேலையோ இது?” என்று கத்தினேன். “உனக்காகத்தானே நாங்கள் இந்தப் பாடு படுறம்!”

“நானும் எனக்காகத்தான் அம்மா பாக்கிறன்” என்றாள், திரும்பாமலே.

நான்காம் நாள் பின்னேரம் குசினிக்கு வந்தாள். கையில் கணினி. அந்த அணியின் ரசிகர்கள் பழைய படங்களைப் போட்டு வைத்த பக்கம் ஒன்று. படத்துக்குக் கீழே இறுதியாட்ட நாளின் திகதி, அதோடு ‘மெத்தையும் வந்தது’ என்று ஆங்கிலத்தில் ஒரு பகிடி.

வெள்ளை வான். கூரையில் எங்கள் இரண்டு மெத்தை. என்னுடைய பூப்போட்ட விரிப்பு அப்படியே தெரிகிறது. வானின் இலக்கத் தகடு தெளிவாக இருக்கிறது. சிவம் அண்ணை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். இவர் வாயைப் பிளந்து கத்துகிறார். அவர் மடியில் கன்னம் சிவந்த ஒரு சின்னப் பெண். கதவோரத்தில் சால்வை போட்ட முருகன். முருகனுக்கு மேலே ஒரு கை. அவ்வளவுதான். நான் இல்லை. கைதான் இருக்கிறது.

இவர் துளசியின் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “பாத்தியோ, நீதான்” என்று மட்டும் சொன்னார்.

துளசி தகப்பனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அம்மா! நீங்கள்தான் நவம்பர் எண்டு சொன்னது. நீங்கள் அதிலை இருக்கிறதைத்தான் காட்டவேணும். ஒரே ஒரு ஃபோட்டோ கிடைச்சிருக்கு, அதிலையும் முகத்தை மூடிக்கொண்டு! ஹூ டஸ் தட்?”

யார் அப்படிச் செய்வார்கள்? படகில் வந்தவர்களின் படம் எங்கே போகும், யார் கண்ணில் படும், ஊரில் இருக்கிற தாய் சகோதரத்தை யார் வந்து விசாரிப்பார்கள் என்று அந்த நாட்களில் நாங்கள் பயந்த பயம் அவளுக்குத் தெரியாது. பாதி அந்தப் பயம். பாதி பிறவிக் கூச்சம். எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

பிறகு அவள்தான் படத்தைப் பெரிதாக்கினாள். “இது என்ன, கையிலை? மஞ்சளா?”

“காப்பு. சஷ்டிக் காப்பு. முதல் நாள் கட்டினது.”

“சோ… அப்பா சொன்ன ஃபைனலும் நீங்கள் சொன்ன சஷ்டியும் ஒரே ஃபோட்டோவிலை இருக்கு” என்றாள். கதிரையை இழுத்து அடுப்படியிலேயே இருந்து அலுவலகத்துக்குப் பதில் எழுதத் தொடங்கினாள். சோறு அடிப்பிடித்தது. நான் அடுப்பை மட்டும் அணைத்தேன்.

6

படத்தை அனுப்பினால் மட்டும் போதாது. அதில் இருப்பது நான்தான் என்று சத்தியக் கடதாசி எழுதி, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். இங்கே நூலகத்தில் குறித்த நாட்களில் ஒரு மேசை போட்டு அவர்கள் இலவசமாக இருப்பார்கள். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். எனக்கு முன்னால் ஏழு பேர். துளசி எழுதித் தந்த ஆங்கில வசனங்களை நான் வரிசையில் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இரண்டு நாளாக அவள் எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். கூட வருகிறேன் என்றாள். பள்ளிக்கூடம் போ என்று நான்தான் துரத்தினேன். மேசையடியில் வந்து நின்றபோது எல்லாம் மறந்துபோய்விட்டது.

அந்த அம்மா கடதாசியை வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி மறுபடியும் வாசித்தார். அந்த வசனம் எனக்குத் தெரியும். துளசி அதை எழுதிவிட்டுத் தனக்குள் சிரித்தவள்: ‘படத்தில் முகத்தை மறைத்திருக்கும் இடது கை என்னுடையது.’

“இதில் நீங்கள் எது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஹாண்ட்” என்றேன்.

கேட்கவில்லை போலும். காதைக் கிட்டக் கொண்டுவந்தார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள்.

“மை ஹாண்ட். திஸ் ஹாண்ட்.” இடது கையைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பெருவிரலடியில் எண்ணெய் சுட்ட பழைய தழும்பு. படத்திலும் அது இருந்தது. ஒரு தழும்பு இவ்வளவு உதவியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். நான் பேனையை எடுத்தேன். அவர் கையால் மறித்தார்.

“இருங்கள். சட்டப்படி நான் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வரிசையில் நின்றதிலிருந்து நான் குனிந்தபடியே நின்றிருக்கிறேன். எங்கே போனாலும் அப்படித்தான் நிற்கிறேன் போலும். வங்கியில், வைத்தியரிடம், துளசியின் பள்ளிக்கூடக் கூட்டத்தில். நவம்பர் என்று வாசித்த அன்றும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டு ஓம் என்றிருப்பேன்.

நிமிர்ந்தேன். அவர் என் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அதைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கு வேர்த்து ஊற்றியது.

“இதில் எழுதியிருப்பதெல்லாம் சரியா?” என்று கேட்டார்.

வாயில் வழக்கமான ஓம் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். “வெயிற்” என்றேன். கடதாசியை வாங்கித் திகதி எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார். விடட்டும். ஒக்ரோபர். சனிக்கிழமை. சரியான வருடம்.

“யெஸ். கரெக்ட்” என்றேன்.

7

துளசியின் கடைசிப் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது வீசா வந்தது. மூன்று பேருக்கும். துளசி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து எத்தனையோ வருடம். இவர் கடிதத்தை வாங்கி, விளங்காத ஆங்கிலத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் ஓட்டிப் பார்த்தார்.

“மட்ச்சைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கினமோ?”

“இல்லை அப்பா.”

“மூண்டு கிழமையைப் பற்றி?”

“ஒண்டும் இல்லை. கிராண்டட். அவ்வளவுதான்.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாங்கள் எங்கே இருந்தோம் என்று கேட்டுத் தூக்கமில்லாமல் அலைய வைத்துவிட்டு, அங்கேதான் இருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா? மெத்தையைப் பார்த்துச் சிரித்தார்களா, காப்பைக் கவனித்தார்களா, ஒன்றும் தெரியாது. 

ஊருக்கு எடுத்தபோது மச்சாள், “எப்ப கிடைச்சது?” என்று கேட்டா.

“ஐப்பசி வெள்ளி, மூண்டாவது வெள்ளி” என்றேன்.

“அம்மா!” என்று அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். துளசி வெளியே வந்து, தடித்த பேனையால் ஒரு தாளில் திகதி, மாதம், வருடம் மூன்றையும் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். பக்கத்தில் மெத்தை வான் படத்தையும் ஒட்டினாள். பிறகு எங்கள் இருவரையும் அதற்கு முன்னால் நிற்க வைத்துக் கைபேசியை உயர்த்தினாள். என் கை தானாக மேலே போய்விட்டது.

“கையை எடுங்கோ அம்மா. இப்ப என்ன பயம்?”

“பயம் இல்லையடி. வந்திறங்கின அண்டு முதல் வேலையா என்ரை பத்து விரலையும்தான் பதிஞ்சு எடுத்தவங்கள். பிறகு இந்தக் கையாலைதான் அவங்கடை மைதானம் கூட்டினனான். கடைசியா வீசா வாங்கித் தந்ததும் இந்தக் கைதான். இந்த நாட்டுக்கு என்ரை முகத்தைவிட இதைத்தான் நல்லாத் தெரியும். அது நிக்கட்டும், நீ எடு.”

அவள் எடுத்தாள். படத்தில் இவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். நான் கைக்குப் பின்னால் நிற்கிறேன். விரல்களைக் கொஞ்சம் விரித்துப் பிடித்திருக்கிறேன். உற்றுப் பார்த்தால் ஆளைத் தெரியும்.